பதினான்கு தப்படி

வேகத்தை அளக்கிற கருவி எங்களிடம் இல்லை.
நளீம் இருந்தான்.

ஜுபைலில், வெள்ளிக்கிழமை விடியலில்,
ஒன்பதாம் கேம்ப்புக்குப் பின்னால்
தண்ணி லாரிகள் திரும்புகிற பொட்டல்.
பழைய கன்வேயர் பெல்ட்டை விரித்தால் அது பிட்ச்.
சாரக் குழாயை அறுத்துப் பற்றவைத்தது ஸ்டம்ப்.
பந்து பட்டால் மணி மாதிரிக் கேட்கும்,
இரண்டு கேம்ப் தள்ளித் தூங்குகிறவனும்
எவனோ அவுட் என்று புரண்டு படுப்பான்.
கடல் பக்கம் ஃப்ளேர் எரிந்துகொண்டிருக்கும்.
காற்று ஈரத்துணியாய் முகத்தில் ஒட்டும்.

நான் வந்த வருஷம்
ஸ்டம்புக்குப் பின்னே பதினான்கு தப்படி தள்ளி நின்றான் நளீம்.
காத்தான்குடிக்காரன், கிரேன் ஓட்டுகிறவன்,
தூரத்தைக் கண்ணாலேயே எடைபோட்டுவிடுவான்.
கருப்பு டேப் சுற்றிய டென்னிஸ் பந்து
அவன் கையில் போய் அறைகிற சத்தத்துக்காக
ஆறு நாளும் வாய் திறக்காமல் ஓவர்டைம் பார்த்தேன்.

அப்புறம் பதிமூன்று.
அதைக் காற்றின் கணக்கில் எழுதினேன்.
பன்னிரண்டு ஆனது ஷட்டவுன் மாசம்,
இரவு பகலாய் வேலை, யாருக்குத்தான் தோள் இருக்கும்.
பத்துக்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன்,
இப்போது மறந்துவிட்டது.

ஆட்டம் முடிந்து எல்லாரும் போனபின்
மணலில் அவன் குதிகால் பதிந்த குழியிலிருந்து
ஸ்டம்ப் வரை
நானே நடந்து பார்ப்பேன், எதையோ தொலைத்தவன் போல.

பாஸ்போர்ட்டில் எனக்கு முப்பத்தொன்பது.
ஏஜெண்ட் நான்கு வருஷத்தைக் கழித்துப் போட்டான்.
அதைத் தோளுக்கு யாரும் சொல்லவில்லை.

ஓட்டத்தை நீட்டிப் பார்த்தேன். லாரித் தடம் வரை போய்
அங்கிருந்து ஓடி வந்தேன்.
நான்தான் வேகமாக வந்தேன்.
பந்து அதன்பாட்டுக்கு வந்தது.

போன வெள்ளி, மட்டையோடு வகாஸ்.
குஜ்ரன்வாலா, பைப் ஃபிட்டர், இருபத்து மூன்று வயது.
ஓடத் திரும்பினேன்,
நளீம் முன்னால் நடந்து வந்துகொண்டிருந்தான்.
எட்டில் நிற்பான் என்று பார்த்தேன்.
ஐந்து. மூன்று.
ஸ்டம்பை ஒட்டிக் குந்தினான்,
ஸ்பின்னருக்குக் குந்துகிற மாதிரி.
கிரேனில் போடுகிற மஞ்சள் ஹெல்மெட்கூட இல்லை.
இழவு வீட்டில் செருப்புத் தேடுகிறவனாய்
கீழேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் மூக்கைக் குறிவைத்து ஒன்று போடலாமா என்று
ஓடி வரும்போது நிஜமாகவே நினைத்தேன்.
போட்டதும் கிட்டத்தட்ட அதுதான்.
இருப்பதிலேயே பெரியது, முழுத் தோளும்.

வகாஸ் இறங்கி வந்து சுற்றினான்.
மட்டை முதலில் போனது.
பந்து பிறகு போனது.
மணி அடித்தது.

பதினொரு வருஷ நோட்டு.
போல்டு, கேட்ச், ஒரே ஒரு ஹிட் விக்கெட்.
என் பெயருக்கு நேரே ஸ்டம்பிங் என்று
ஒருநாளும் எழுதியதில்லை.
ஸ்கோர் எழுதுகிற பையன் இரண்டு தடவை கேட்டான்,
"மிக்கேல் அண்ணன் பந்திலயா?"

எல்லாரும் ஓடி வந்து தட்டினார்கள்.
வலது தோளை விட்டுவிடுங்கள் என்று சொல்ல முடியுமா.
கடைசியாக நளீம் வந்தான்.
"நல்ல ஸ்லோ பால் அண்ணன்" என்றான்,
கொஞ்சம் உரக்க,
நடுவர் வரைக்கும் கேட்கிற மாதிரி.

அது ஸ்லோ பால் இல்லை என்று
எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

"ம்" என்றேன்.
பந்தை வாங்கிக்கொண்டு லாரித் தடத்தைப் பார்த்து நடந்தேன்.
பாதி வழியில் நின்று
பூட்ஸ் நுனியால் ஒரு கோடு கிழித்தேன்.
அவன் எங்கே நிற்கிறான் என்று
அடுத்த பந்துக்கு நான் பார்க்கவில்லை.