மட்டம்

எந்த எடம்னு கேட்டாங்க.
ஒத்தை விரல வெச்சேன்,
முதுகுக்குழிக்கு ஒரு விரக்கடை கீழ, வலப்பக்கம்.
"கையெடுத்துட்டு மறுக்கா வைங்க."
வெச்சேன். அதே எடம்.
நீரோட்டம் பாக்கறவன் தேங்காயக் கையில வெச்சுட்டு
காடு பூராச் சுத்துவான்.
நோவுக்கு அதெல்லாம் வேண்டாமுங்க,
அதுவே பாயிண்டு காட்டிருது.

ஈரோடு பெருந்துறை ரோட்டுல டயர்க்கடைக்கு மேல மாடி.
பதினெட்டுப் படி, எண்ணித்தான் ஏறினேன்.
கைரோபிராக்டிக்னு போர்டு.
"முதுகுக்காரம்மா"ன்னு சுருக்கிட்டா பூவாத்தா.
டாக்டர் ஜெசிந்தா, நாலே முக்கால் அடி.
இருபதடி ராடு தூக்கின ஒடம்ப
இது என்ன பண்ணிரும்?

செங்கோட்டு ரிக் வண்டிக்காரனுங்க நான்.
ராய்ச்சூர், நாக்பூர், ராய்ப்பூர்னு
பாஷை தெரியாத ஊர்லயெல்லாம்
இருபத்திரெண்டு வருசம் பூமிக்கு ஓட்டை போட்டவன்.
ஆயிரம் அடிக்குக் கீழ என்ன பாறைன்னு
வர்ற தூசியப் பாத்தே சொல்லிருவேன்.
எனக்குள்ள, நாலு விரக்கடை ஆழத்துல
என்ன கெடக்குதுன்னு தெரியல.

குப்புறப் படுக்க வெச்சு
ரெண்டு குதிகாலையும் சேத்துப் பாத்தாங்க.
"வலது அரை இஞ்சு ஏறி நிக்குது.
கால் குட்டையில்லீங்க. இடுப்பு திரும்பியிருக்குது."
பிளாஸ்டிக் எலும்பக் காட்டினாங்க:
ரெண்டு பக்கம் ரெண்டு,
நடுவுல ஆப்பாட்டம் ஒண்ணு, திருவெலும்பாம்.
எங்கூர் மலைமேல
ஆம்பளைப் பாதியும் பொம்பளைப் பாதியும்
ஒரே இடுப்புல சண்டையில்லாம நிக்குதுங்க.
அது சேர்ற எடத்துல மயிரளவு பிசகினா
சாமியும் நொண்டுமல்ல?

அப்பறம் இடுப்புக்கு அடியில ரெண்டு முக்கோணக் கட்டை,
ஒண்ணு மேல, ஒண்ணு கீழ.
எனக்குச் சிரிப்பு வந்துருச்சு.
"ஏனுங்க?"
"ஜாக்கிங்க. ரிக்குக்கு மொதல்ல இதைத்தான் போடுவோம்.
வண்டி மட்டமில்லைன்னா குழி கோணிரும்,
எண்ணூறடியில ராடு சிக்கிக்கும்."
"சிக்கினா?"
"விட்டுட்டு வர்றதுதான்."
அவங்க ஒண்ணுஞ் சொல்லல.
கட்டைமேலயே கெடந்தேன் ஃபேன் சத்தம் கேட்டுட்டு.

ஒருக்களிச்சு, முழங்கால மடக்கி,
மூச்ச விடச் சொல்லி
ஒரு அமுக்கு.
டொக்.
தீந்துதுன்னு நெனச்சேன்.
"எலும்பில்லீங்க, காத்து. மூட்டுக்குள்ள குமிழி."

காத்துன்னா எனக்குத் தெரியும்.
தண்ணிக்கு முந்தி அதுதான் வரும்.
சில குழியில
அது மட்டுந்தான் வரும்.

"எறங்கி நடங்க."
நோவு போயிடல.
கெளம்பற ஒறம்பர
வாசல்ல நின்னு செருப்பத் தேடறாப்பல நின்னுச்சு.
"இன்னும் அஞ்சு தடவ வரணும். தெனமும் நடக்கணும்.
அதென்னங்க பின்பாக்கெட்டுல?"

பர்சு.
மேசைமேல வெச்சா செங்கல்லாட்டம் குந்துச்சு.
வலது குண்டிக்கு அடியில இருபத்திரெண்டு வருசம்.
லைசென்சு, டீசல் பில்லு, பூவாத்தா போட்டோ,
முடிஞ்சுபோன சீட்டு ரசீது,
காங்கயத்துப் பக்கம் பொங்கியண்ணன்
கைப்பட எழுதின துண்டுக் காயிதம்:
ஆயிரத்து நூத்தி நாப்பது அடி. பாக்கி எழுவத்தெட்டாயிரம்.
தை மாசம் தர்றேன்.
எந்தத் தைன்னு எழுதல.
புழுதி மட்டும் கக்கின குழி அது.
நானும் கேக்கல. அவரும் மறக்கல.
போன வருசம் மாட்டுச்சந்தையில என்னயப் பாத்துட்டு
ஒரு டெம்போவுக்குப் பின்னால ஒதுங்கினாரு.

"இதுல பாதி வேண்டாததுதானுங்க?"
"ஆமாங்க."
ஒண்ணையும் எடுத்துப் போடல.
அப்படியே சட்டைப் பையில திணிச்சேன்.

கீழ வந்து பிக்கப்புல உக்காந்தா
சீட்டு ரெண்டு பக்கமும் ஒண்ணாப் பட்டுது.
பள்ளிபாளையம் பாலம் தாண்டியும்
வலப்பக்கம் எறங்கிப் போறாப்பலயே இருந்துச்சு.
ஓரங்கட்டி எறங்கி
நாலு டயரையும் ஒதைச்சுப் பாத்தேன்.
காத்து
சரியாத்தான் இருந்துச்சு.