மூன்றாம் தொட்டி

சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில்
பிளைவுட் கம்பெனிக்குப் பின்னால் தகரக் கொட்டகை.
மூன்றாம் தொட்டியில் இருப்பதற்கு
என்ன பெயர் என்று கேட்டுப் பதினோரு நாளாகிறது.
லேபிளில் மற்றதெல்லாம் வந்துவிட்டது.
குடி குடியைக் கெடுக்கும்.
ஆல்கஹால் ஆறரை சதவீதம்.
குடித்துவிட்டு வண்டி ஓட்டாதீர்.
நடுவில் மட்டும் நான்கு விரல் அகலத்துக்கு வெள்ளை.
நான் அச்சகத்துக்காரன்.
முன்பணம் வாங்கிவிட்டதால் தினமும் வருகிறேன்.
ருசி பார்க்கவும்தான்.

கருப்பு என்றால் அப்படியொரு கருப்பு,
டியூப் லைட்டில் தூக்கிப் பிடித்தாலும் விரல் தெரியாது.
மூக்கருகே கொண்டுபோனால்
யாரோ நாரத்தை இலையைக் கசக்கியதுபோல் இருக்கும்.
கண்ணை மூடிக் குடித்தால் வெளுத்த பீர்.
திறந்து குடித்தால் கரிச்சட்டி.

காய்ச்சுகிற ஜெனவியேவ் பிரான்சில் படித்தவள்.
"பிளாக் இந்தியா பேல் ஏல். உலகம் பூரா அப்படித்தான்."
கணக்கர் ஏகாம்பரநாதன் பேனாவை மூடினார்.
"பேல்னா?"
"வெளிறினது."
"பிளாக்குன்னா எனக்கே தெரியும்.
கருத்த வெளுப்புன்னு கலால் ஆபீஸ்ல எழுதிக் குடுக்கவா?
வெள்ளைக் காக்கா பறக்குதுன்னா
ரெண்டு பேராவது அண்ணாந்து பாப்பான்."

முதல் போட்ட நிஜாமுதீனுக்கு வேறு சந்தேகம்.
"இந்தியா எதுக்கு நடுவுல?"
கப்பலில் இங்கே வந்த வெள்ளைக்காரனுக்காக,
கெடாமல் இருக்க, கசப்பைக் கூட்டிப்போட்டுக்
காய்ச்சினார்களாம். அப்படியொரு கதை.
"இங்கன்னா எங்க?"
"கல்கத்தா, பம்பாய், சென்னப்பட்டணம்."
"அப்ப நாம பிரெஞ்சுக்காரன் கையில.
அந்தக் கப்பல் நம்மளத் தாண்டியில்ல போயிருக்கும்?
ஒரு பீப்பா எறக்கியிருப்பானா அவன்?"
பழைய பாக்கி வசூலிப்பவர்போல் கேட்டார்.

எனக்கும் ஒன்று தோன்றியது, சொல்லவில்லை.
பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளை நகரம்,
மேற்கே கருப்பு நகரம் என்று
கோடு கிழித்த ஊரில்
இரண்டையும் ஒரே கிளாஸில் ஊற்றி
என் கையில் கொடுத்திருந்தார்கள்.

இரவு ஷிப்டு வெற்றிச்செழியன்,
தமிழ் எம்.ஏ. பாதியில் விட்டவன்,
குழாயை மூடிவிட்டு வந்து சொன்னான்:
"கருந்தேறல்."
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
நுரை இறங்குகிற சத்தம் கேட்டது.
"தேறல்னா?" என்றாள் ஜெனவியேவ்.
"தெளிஞ்சது."
"இத நாம வடிகட்டலையே. அடியில ஈஸ்ட் கெடக்கு.
தெளியவே தெளியாது."
"குடிக்கிறவனும்தான்," என்றார்
குடிக்காத ஏகாம்பரநாதன்.
"அப்ப நறவு?"
"நரகம்னு வாசிப்பான்."
"கார். ஒரே சொல்லு. கருப்பும் அதுதான், மழையும் அதுதான்."
எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருந்தபோது
நான் லேபிளின் கீழ்வரியைக் காட்டினேன்.
"குடிச்சுட்டு எதை ஓட்டக் கூடாதுன்னு
போட்டிருக்கு பாருங்க."

அதன்பிறகு இரண்டு நாள்
வெற்றிச்செழியன் என்னோடு பேசவில்லை.

ஸ்டவுட் என்றே போட்டுத் தொலைக்கலாம் என்றார் நிஜாமுதீன்.
ஜெனவியேவ் கையுறையைக் கழற்றி மேசையில் எறிந்தாள்.
ஸ்டவுட் அவளுக்கு இனிப்பு,
கிழவர்கள் சமாச்சாரம்.
இதற்குள் அவள் நான்கு கிலோ ஹாப்ஸ் கொட்டியிருக்கிறாள்,
கடைசி அரைக் கிலோ சொந்தக் காசு.
அந்த ஹாப்ஸுக்குத் தமிழில் என்ன என்று
யாரோ போனில் தேடினார்கள்.
சிக்னல் இல்லை.

கலால் படிவத்தில் மூன்று கட்டம்:
லாகர், ஸ்டவுட், இதர.
யாரிடமும் கேட்காமல்
ஏகாம்பரநாதன் இதரவில் டிக் அடித்துவிட்டு வந்தார்.

பதினாறாம் நாள் அளவுமானியைப் பார்த்தார்கள்.
பெயர் தேடித் தேடி நூற்றிருபது லிட்டர் குறைந்திருந்தது.
நிஜாமுதீன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.
நான் உதட்டைத் துடைத்துக்கொண்டேன்.
"உள்ளத ஒட்டு," என்றார்.
"எதை?"
மூன்று பேர் மூன்று சொன்னார்கள்.

மயிலம் சாலையில் லாரிகளுக்கு நடுவே
நாக்கின் அடியில் கசப்போடு திரும்பினேன்.
வெள்ளையை வெள்ளையாகவே விட்டு
ஆயிரம் அடித்தேன்.
முடித்து மூடும்போது கம்ப்யூட்டர் கேட்டது,
இந்தக் கோப்புக்கு என்ன பெயர் வைக்க?
சற்று யோசித்து
"மூணாம்தொட்டி கடைசி, மறுபடி கடைசி" என்று
சேமித்தேன்.