எஞ்சின் இல்லாமல் ஆற்றங்கரைக்கு

எஞ்சினைத் தனியாக விற்றதில்
எட்டாயிரம் கூடக் கிடைத்தது.
அதனால் வள்ளத்தைப் பாய் விரித்துத்தான்
கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும்.
வாங்கியவன் ஜெகுபர், ஆற்றங்கரைக்காரன்.
கழிமுகம் தாண்டி, ஆற்றுக்குள்ளேயே,
வீட்டுக்குப் பின்னால் கட்ட வேண்டுமாம்.
"முருங்கை மரத்த அடையாளம் வச்சுக்குங்க அக்கா."
எந்த வீட்டில்தான் முருங்கை இல்லை.

கரண்ட் பில்லின் முதுகில் எழுதுகிறேன்.

முதலில் பாலம்.
சோழகம் பிடித்துவிட்டது,
குந்துகாலில் அவிழ்த்தால் தண்ணீரே வடக்கே இழுக்கும்.
ஓட்ட வேண்டாம், நேராக இருந்தால் போதும்.
ஆனால் பாலத்தடிக்கு மரத்தைச் சாய்த்தாக வேண்டும்.
சாய்த்துவிட்டால்
பாயும் இல்லை, எஞ்சினும் இல்லை,
தூணுக்கும் தூணுக்கும் நடுவே
நான், ஒரு கழி, என் நாத்தனார் கித்தேரி.
இரண்டு நிமிடம்தான் என்றேன்.
"ரெண்டு நிமிஷந்தானே மதினி" என்றாள்.
என் கடைவாய்ப்பல் பிடுங்கிய அன்றும்
வாசலில் நின்று இதையேதான் சொன்னாள்.

ரயில் நேரத்தையும் குறித்துக்கொண்டேன்.
ரயிலுக்கும் வள்ளத்துக்கும் சம்பந்தமில்லை.
தலைக்கு மேல் இரும்பு அதிர்ந்தால்
கித்தேரி அண்ணாந்து பார்ப்பாள்.
அவள் பார்க்க வேண்டியது தூணை.

வடக்குப் பக்கம் வந்ததும் நங்கூரம், மரம் நிமிர்த்தல், கடுங்காப்பி.
பிறகு கரை இடது கையில்.
மண்டபத்துக்கு அப்பால் பாசி கட்டிய மூங்கில் மிதவைகள்,
அதற்கு வெளியே நண்டு வலை.
இருட்டில் போகக் கூடாது.
பகலில் போனால் காற்று பதினொரு மணிக்கு மேல் முரடாகும்.
முரடானால் சின்னப் பாய்,
சின்னப் பாயில் எலி கடித்த ஓட்டை,
ஓட்டைக்கு இன்று ராத்திரி ஊசி.

இனி ஆறு.
வைகை என்று பெயர்.
ஆனி மாதத்தில் அதற்குள் வைகை இல்லை.
மதுரை குடித்து, கண்மாய்கள் குடித்து,
பெயர் மட்டும் வெறுங்கையோடு இங்கே வந்து சேர்கிறது.
கடல்தான் நாளுக்கு இரண்டு வேளை உள்ளே ஏறி
கொஞ்ச நேரம் ஆறாக இருந்துவிட்டுப் போகிறது.
அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் நாங்கள் போய்விட வேண்டும்.

ஜெகுபர் வாசல் மணல்திட்டில் குச்சி நட்டு
மூன்று நாளாகப் போனில் சொல்கிறான்:
நேற்று ஒன்றே காலுக்கு இடுப்பளவு,
இன்று இரண்டு மணிக்கு இடுப்புக்கு ஒரு சாண் மேலே.
யார் இடுப்பு என்று கேட்டேன்.
அவன் மகனுடையதாம். ஏழாவது படிக்கிறான்.
கணக்கை மறுபடி போட்டேன்.

அமாவாசைக்கு மறுநாள். அதை விட்டால்
எட்டமி நவமித் தண்ணீர் திட்டை நனைக்காது.
பிந்தினால் வெளியே நங்கூரம் போட்டு
ராத்திரி ஏத்தம் வரை கிடக்க வேண்டும்:
தார்ப்பாய், புளிச்சோறு, டார்ச்சுக்குப் புது பேட்டரி.

கொஞ்சம் மேலேதான் அழகன்குளம்.
அங்கே குழி தோண்டியவர்களுக்கு
ஒரு பானை ஓட்டில் கப்பல் கீறிக் கிடைத்ததாம்.
அதைக் கீறியவனும்
திட்டுக்கு வெளியே நின்றிருப்பான்,
யாருடைய இடுப்பு என்று கேட்டுக்கொண்டு.

ஏன் விற்கிறாய் என்றவர்களுக்கு
ஆளுக்கொரு பதில் சொல்லி முடித்தாயிற்று.
பாதிப் பணம் கையில். மீதி, கரை தொட்டதும்.

"திரும்பி வரும் வழி" என்று எழுதிவிட்டு
அடியில் இடம் விட்டிருந்தேன்.
கித்தேரி வாங்கி நிரப்பினாள்:
பஸ். இரண்டு டிக்கெட். உச்சிப்புளியில் மாறணும்.
பேனாவை மூடாமல் கேட்டாள்,
துடுப்பு வள்ளத்தோடு போகிறதா,
நம்மோடு வருகிறதா?

விலை பேசும்போது அவன் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
பஸ்ஸில் ஏற்றுவார்களோ என்னவோ.
ஒன்பதடி.