கோடிட்ட இடம்

தேவாலாவில் ஆடி மாதம்
விடைத்தாள் காய்வதில்லை.
அடுப்புக்கு மேலே கொடி கட்டி
எட்டாம் வகுப்பு அ பிரிவை
க்ளிப் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறேன்.
நாற்பத்தொரு தாள்.
சிவப்பு மை தொட்ட இடமெல்லாம் ஊறிப் பரவி
சரிக்கும் தவறுக்கும் ஒரே முகம்.

மை என்றாலே வகுப்பு சிரிக்கும்.
மை புக் என்று எழுதிப்போட்ட முதல் நாள்
"புக்குல மை கொட்டிடுச்சா மிஸ்?" என்றான்
கடைசி பெஞ்சு ஷாஜகான்.
அதையே பிடித்துக்கொண்டு நடத்தினேன்.
மை தனியே நிற்காது,
அடியில் ஏதாவது வேண்டும்,
தாளோ ஆடோ தகர டப்பாவோ.
மைன் அப்படியில்லை.
பொருளை முன்னமே சொல்லி முடித்தாயிற்று,
இனி அது ஒற்றைக்காலில் நிற்கும்.
யுவர், யுவர்ஸ். அவர், அவர்ஸ்.
ஹிஸ் மட்டும் ஹிஸ்தான்,
எந்த வாசலில் நுழைந்தாலும் அதே சட்டை.
ஹெர்தான் பாவம்,
தனியே நிற்கவேண்டுமென்றால்
ஓர் எஸ்ஸை இடுப்பில் தூக்கிக்கொண்டு வரவேண்டும்.
இதைக் கரும்பலகையைப் பார்த்தபடியே சொன்னேன்.

பெருந்துறையில் ஒரு வீட்டை
ஒன்பது வருடம் என் வீடு என்றிருக்கிறேன்.
வரி ரசீது, கேஸ் புத்தகம், கதவுப் பித்தளைப் பலகை,
எல்லாம் ஹிஸ்.
சூட்கேஸோடு இறங்கிய அன்றும்
ஆட்டோக்காரரிடம் என்ன சொன்னேன்?
"எங்க வீட்டு வாசல்லயே நிக்கிறேன், வாங்க."

இருபத்தேழாவது தாள்.
ர. கிருஷாந்தினி.
கேள்வி ஐந்து, கோடிட்ட இடத்தை நிரப்புக:
திஸ் இஸ் டேஷ் ஹவுஸ்.
திஸ் ஹவுஸ் இஸ் டேஷ்.
முதல் கோட்டில் மை.
இரண்டாவதில், கோடு போதாமல்
ஓரம்வரை நெருக்கி எழுதியிருக்கிறாள்
நாட் மைன்.

நாலாம் நம்பர் லைன், ஏழாவது கதவு.
ஒருமுறை போயிருக்கிறேன்.
கதவு எண்ணைக் கறுப்புப் பெயின்டில் எழுதியது தோட்டம்,
கதவும் தோட்டத்துடையது.
கொழுந்தெடுக்கும் பெரியம்மாவுக்கு
வரும் மார்ச்சோடு வயது முடிகிறது,
சாவியை ஆபீசில் வைத்துவிடவேண்டும்.
முப்பத்தாறு வருடமாக
என் வீடு என்று சொன்னதற்கு
யாரும் பட்டா கேட்டதில்லை.
என் பஸ் போய்விட்டது என்கிறோம்,
பஸ் திரும்பிப் பார்த்துச் சிரிப்பதில்லை.
என்னுடையது என்று முற்றுப்புள்ளி வைக்கும்போதுதான்
எங்கிருந்தோ ஒரு கிளார்க் எழுந்து வருகிறார்.

விடைக் குறிப்பில் இருப்பது ஒரே சொல்.
ஒரு கோட்டுக்கு ஒரு சொல், ஒரு மதிப்பெண்.
அரை போட்டேன். அடித்தேன்.
முழுசாகப் போட்டேன்.
மை ஊறி, இப்போது அது
ஒன்றா ஏழா என்றே தெரியவில்லை.

மறுநாள் தாளோடு மேஜைக்கு வந்தாள்.
பரிவான ஒரு முகத்தைத் தயார் செய்துகொண்டேன்.
"கூட்டல்ல விட்டுட்டீங்க மிஸ், ரெண்டு மார்க்."
விட்டிருந்தேன்தான்.
கூட்டிக் கொடுத்துவிட்டு
அந்தக் கோட்டில் விரல் வைத்து, ஏன் என்றேன்.
"திஸ் ஹவுஸ்னா எங்க வீடுதானே மிஸ்?
அது நம்மளுது இல்லையே."
மழை எத்தனை மணிக்கு விடும் என்று சொல்வதுபோல
சொல்லிவிட்டுப் போனாள்.
நம்மளுது.
அந்தச் சொல்லுக்குள் என்னையும்
ஒரு ஓரமாக உட்கார வைத்துவிட்டாள்,
இங்கிலீஷில் அதற்கு இடமில்லை.

மாலை மணி அடித்ததும்
ஜன்னலோரம் காயப்போட்ட ஸ்வெட்டர்களை அள்ளினார்கள்.
எல்லாம் அரசாங்கம் கொடுத்தவை,
ஒரே நீலம், ஒரே ஈர நாற்றம்.
ஒன்று மிஞ்சியது.
தூக்கிப் பிடித்து
ஹூஸ் இஸ் திஸ் என்றேன்.
வராந்தா கடந்து, படியும் இறங்கிவிட்டவள்
திரும்பாமலே கத்தினாள்,
"மைன், மிஸ்!"

கழுத்துப்பட்டையைப் புரட்டிப் பார்த்தேன்.
உள்பக்கம், பச்சை நூலில்
ஒரு முடிச்சு.