சுண்டுவிரல்

உருகுவே ஆற்றங்கரையில், இறைச்சி ஆலைக்குப் பின்புறம்
தொழிலாளர் நூலகம்.
வியாழன்தோறும் கரும்பலகையைத் துடைப்பது என் வேலை.

முதல் வியாழன் வந்தவர்
பலகை கொள்ளாமல் ஓர் ஆளை வரைந்தார்.
தலையில் அரசு. தந்திக்கம்பிகள் நரம்பு.
தண்டவாளம் இரத்தக்குழாய்.
வயிறு நாங்கள்தான் என்று நினைத்திருந்தோம்;
இல்லையாம், அது வங்கியாம்.
நாங்கள் கைகள்.
கைகள் யோசிப்பதில்லை, அதுதான் அவற்றின் அழகு என்றார்.
தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டது.
கைதட்டல் என்று நினைத்துத் தலைகுனிந்தார்.

அடுத்தவர் மொந்தேவிதேயோவிலிருந்து, இருமிக்கொண்டே வந்தார்.
ஆளே வேண்டாம், கடலில் மிதக்கும் ஒரு ஜெல்லிமீன் போதும் என்றார்.
பார்வைக்கு ஓருயிர், பிரித்தால் ஆயிரம்.
தின்பது சில, கொட்டுவது சில,
மற்றவற்றைத் தாங்கி மிதப்பது சில.
மூளை கிடையாது. அங்கே யாரும் யாருக்கும் கை இல்லை.
முன்னவருக்கு முழுசு பெரிது, இவருக்குத் துணுக்கு.
எனக்கு இரண்டுக்கும் அதே ஈரத்துணி.

குடல் அலசும் பிரிவிலிருந்து யூலோகியா பெந்தன்கூர் எழுந்தாள்.
நாற்றம் முன்னே வந்தது, குரல் பின்னே.

"ஐயா, ஒரு நாளைக்கு நானூறு மாடுகளைத் திறக்கிறோம்.
ஈரல் எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு தொடுவேன்.
ஒன்றுக்குள்ளும் வங்கியைப் பார்த்ததில்லை.
சரி, அதை விடுங்கள்.
தலைக்கு வலித்தால் கை தேய்த்துவிடுகிறது.
கைக்கு வலித்தால்?
போன மாதம் டப்பா மூடும் இயந்திரத்தில்
நிக்கானோரின் சுண்டுவிரல் போயிற்று.
ஊர் ஓர் உடம்பென்றால்
அன்றிரவு தண்டவாளம் முனகியிருக்க வேண்டும்.
சங்கு சரியாக ஆறு மணிக்கு ஊதியது.
உங்கள் ஜெல்லிமீனுக்காவது வலிக்குமா?"

இருமல் நின்றது.
தெரியாது, என்றார்.
அன்று அவர் சொன்னதில்
பலகையில் எழுதாத சொல் அது ஒன்றுதான்.

மூன்றாம் வியாழன் பேச யாரும் வரவில்லை.
நிக்கானோர் வந்தான்,
கட்டு அவிழ்க்காத கையோடு முன்வரிசையில் உட்கார்ந்து
சிகரெட் சுருட்டப் பார்த்தான்.
புகையிலை மடியில் கொட்டியது. மறுபடியும்.
யூலோகியா வாங்கிச் சுருட்டி, தாளை நாக்கில் ஒட்டித் தந்தாள்.
அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போதுதான் கவனித்தேன்:
பின்வரிசையில் நாலைந்து பேர்
தங்கள் சுண்டுவிரலைத் தாங்களே பொத்திப் பிடித்திருந்தார்கள்.
நானும்.
இதை உடம்பு என்று சொல்லிவிட மாட்டேன்.
அன்று குளிரும் அதிகம்.

பலகையில் துடைக்க ஒன்றுமில்லை.
ஆனாலும் துணியை நனைத்துக்கொண்டு வந்தேன்.