நீந்தத் தெரியாதவர்கள்

ஸர்ஃப் இசைக்கு
அலைப் பலகை ஒன்று வாங்க வேணுமோ என்று
முதல் நாள் கேட்டேன்.
ஒருவரும் சிரிக்கவில்லை.
"எனக்கு நீந்தவே தெரியாது" என்றான்
பேஸ் கிற்றாரோடு நின்ற பிரமுதித.
பிறகு ஒவ்வொருவராய்க் கையை உயர்த்தினார்கள்.
நானும் உயர்த்தினேன்.

தெஹிவளையில், டயர்க் கடைக்கு மேல் ஒரு அறை.
படியெல்லாம் ரப்பர் மணம்.
ஆறு பேருக்கும் கடலுக்கும் நடுவில்
இரண்டு தண்டவாளம், கொஞ்சம் கறுப்புக் கல்.

நான் அங்கே போனது தற்செயல்.
தம்பி கனடா போகும்போது விட்டுப்போன அம்ப்ளிஃபயரை
விற்றுத் தொலைக்கலாமென்று
வெள்ளவத்தையில் ஒரு ரேடியோக் கடைக்குத் தூக்கிப்போனேன்.
துவான் ஸப்ரி பின்பலகையைக் கழற்றினார்.
உள்ளே நீளமாய் மூன்று ஸ்பிரிங்.
விரலால் ஒரு சுண்டு.
கிணற்றுக்குள் இடி விழுந்த மாதிரி.
"இத விக்காதீங்க" என்றார். "வியாழக்கிழமை வாங்க."

நாற்பத்துமூன்று வயதில்
கலியாண வீடு, செத்த வீடு தவிர
வேறெதற்கும் என்னை யாரும் வாங்க என்று கூப்பிட்டுக் கனகாலம்.
கணக்காய்வு முடிகிற இரவுகளில்
லிஃப்ட் கண்ணாடிக்கு குட்நைட் சொல்லிவிட்டு இறங்குகிறவள் நான்.
போனேன்.

எல்லாம் வலது கையில்தான் என்றாள் இனோகா.
ஒரே தந்தியில் மேலும் கீழும்
விருந்துக்குத் தேங்காய் திருவுகிற வேகம்,
நிறுத்தக் கூடாது.
முதல் மாதம் மணிக்கட்டு வீங்கிப்போய்
ஒஃபிஸில் கேட்டார்கள்.
விழுந்திட்டன் என்று சொன்னேன்.
எங்கே என்று கேட்கவில்லை, நல்லவேளை.

எங்கள் மெட்டுக்களுக்குச் சொற்களே கிடையாது.
அதற்கும் சேர்த்து நாங்கள் கதைத்துவிடுவோம்.
பிரமுதித "எக்காய் தெக்காய்" என்று எண்ணித் தொடங்குவான்,
நான் தமிழில் பிழை விடுவேன்,
ட்ரம்ஸுக்குப் பின்னாலிருந்து
மெர்ல் யான்ஸ் இங்கிலீஷில் ஏசுவாள்.
மாலு பாண் வாங்குவது இன்றைக்கு யாருடைய முறை
என்ற சண்டை மட்டும்
மூன்று பாஷையிலும் நடக்கும்.

பெயர்கள் இல்லாமல் முடியுமா?
'நண்டுக்கு அவசரம்.'
'களுபோவிலைக்கு எந்த பஸ்.'
நான் கட்டிய முதல் மெட்டுக்கு
'வரி விலக்கு' என்று பெயர் வைத்தேன்.
மெர்ல் குச்சியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள்.
ஒரு கணக்காளரின் பகிடிக்கு
யாரும் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஆறு ஐம்பதுக்கு ரயில் போகும்.
அறை குலுங்கும், ஸ்பிரிங் மூன்றும் தாமாய் ஆடும்,
யாரும் தொடாத அம்ப்ளிஃபயரிலிருந்து
பெரிய அலையொன்று எழுந்து
சுவரில் மோதிச் சிதறும்.
அந்த அலையில் முடியும்படிதான்
கடைசி மெட்டை எப்போதும் வாசிப்போம்.
நௌஸான் கீபோர்ட்டை விட
ரயில் நேரத்தை நன்றாக வாசிப்பவன்;
அவன் தலையசைத்தால் தொடங்குவோம்.

போன வியாழன்
கடைசித் தந்தியை அடித்துவிட்டு
கையைத் தூக்கியபடி நின்றோம்.
ஆறு ஐம்பது. ஐம்பத்தொன்று. ஐம்பத்திரண்டு.
"ஸ்ட்ரைக்" என்றான் நௌஸான், மெல்ல.

அப்போதுதான் கேட்டது.
கீழே கல்லில் வந்து வந்து போகிற
கொழும்புக் கடல்.
இத்தனை வியாழன் அதை மூடித்தான் வாசித்திருக்கிறோம்.
ஒரு நிமிஷம் ஒருவரும் அசையவில்லை.

பிறகு மெர்ல் எழும்பி வந்து
என் தம்பியின் அம்ப்ளிஃபயரை
ஓங்கி ஒரு உதை விட்டாள்.

சிரித்துச் சிரித்துப் படியிறங்கி
ரயில் வராத தண்டவாளத்தைத் தாண்டி,
கையில் செருப்பும் மாலு பாணுமாய்
கடலுக்குள் போனோம்.
இனோகா என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்திருந்தாள்.
நான் ஸப்ரியின் பெல்ட்டை.

முழங்காலுக்கு மேல்
ஒருவரும் போகவில்லை.