பன்றி வருடத்தில் பிறந்தவள்

உலான்பாத்தரில் இன்று மைனஸ் முப்பத்திரண்டு.
ஜன்னலுக்கு வெளியே நிலக்கரிப் புகை
வெளிச்சத்தைச் சலித்துச் சலித்து உள்ளே விடுகிறது.
ஆறாம் கட்டிலில் செல்மூன்
தலையணையில் உதிர்ந்ததை ஒவ்வொன்றாகப் பொறுக்கி
பொம்மை ஒட்டகத்துக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறாள்.

காலையில் நான் ஒட்டுநாடாவோடு வருவேன்.
முடி அரிக்கும், கண்ணில் விழும், வாய்க்குள் போகும்;
ஒற்றி எடுப்பது என் வேலை.
எடுத்ததை மஞ்சள் வாளியில் போடப் போனேன்.
"போடாதே" என்றார் புர்னேபாத்.
மூன்று வாரத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் சொல்.

பிறந்ததிலிருந்து கத்தரி படாத முடி.
கோடையில், பெண்குதிரைகளைக் கறக்கும் மாதத்தில்,
உறவெல்லாம் கூடி ஆளுக்கொரு கற்றை வெட்டி
ஆட்டுக்குட்டியோ மிட்டாயோ கொடுப்பதாக இருந்தது.
முதல் வெட்டுக்கு ஒரு மாமனைக்கூடப் பார்த்து வைத்திருந்தார்கள்.
மாமன் கோபியில், பனியில், மந்தையோடு.
மருந்து யாரையும் அழைக்காமல்
தொடங்கிவிட்டது.

"நீ எந்த வருடம்?"
பன்றி என்றேன்.
விரல் மடக்கி எதையோ எண்ணினார்.
இவள் முயல். முயலுக்குப் பன்றி ஒத்துப்போகும்.
"அப்படியானால் நீயே வெட்டு."

கத்தரியில் பால் தடவ வேண்டுமாம்.
கூடாது, வெள்ளணு இருநூறுக்கும் கீழே.
ஸ்பிரிட் தடவினேன்.
"அதுவும் சாராயம்தானே" என்றார்.
சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்,
முகமூடிக்கு மேலே கண்கள் சுருங்கின.

நூல் நூலான நரம்புகளில் ஊசி ஏற்றிய கை,
நடுங்கியதில்லை.
காதோரம் இருந்த இந்தக் கற்றைக்கு நடுங்கியது.
கிர்ச்.
செல்மூன் திரும்பிப் பார்த்து
"இன்னும்" என்றாள்.

மிச்சத்தை மெஷின் வைத்து மழித்தோம்.
கற்றையை நீலப் பட்டில் முடிந்து
ஆய்வகத்துக்கு அனுப்பும் உறையில் போட்டு
பெயரும் தேதியும் எழுதினேன்,
பழக்கதோஷத்தில் ரத்த வகையும்.

வெட்டியவள் பரிசு தர வேண்டும்.
என் சட்டைப்பையில் ஆட்டுக்குட்டி ஏது?
ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்று இருந்தது, பத்து மில்லி.
கொதித்து ஆறிய நீரை நிரப்பிக் கொடுத்தேன்.

இரவு பதினோரு மணி.
பக்கத்துக் கட்டிலுக்கு டிரிப் மாற்றிக்கொண்டிருக்கிறேன்,
பிடரியில் சில்லென்று நீர்.
திரும்பினால்
போர்வைக்கு வெளியே பாதி மொட்டைத்தலை,
ஆழ்ந்து தூங்குகிறதாம்.